பூண்டு எனக்கு, நெய் உனக்கு

அண்ணா,

இன்று காலையும் அண்ணி என் காபி டம்ளருக்குப் பக்கத்தில் பூண்டு வைத்துவிட்டுப் போனாள். உரித்த பச்சைப் பூண்டு, சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில். வெறும் வயிற்றில் மென்று விழுங்க வேண்டும், காபி அதற்கப்புறம்தான். முதல் பல்லைக் கடித்ததும் காரம் நாக்கில் ஏறி மூக்கு வரைக்கும் போகும். அந்த வாடை மதியம் வரை என்னை விடாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ போன பிறகு இந்த வீட்டில் எத்தனையோ மாறிவிட்டது. அடுப்பு மாறியது, தரை மாறியது, அம்மாவும் போய்விட்டாள். பூண்டு மட்டும் ஒரு நாள் தவறியதில்லை.

எனக்கு அது தேவையே இல்லை. அன்றைக்கும் தேவைப்படவில்லை. இதை உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னேன், நீ சிரித்தாய். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம் போகவில்லை. செத்துப்போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு உன்னைப் போல ஒரு அண்ணன் இருந்திருக்க மாட்டான்.

உன் உடம்பை மயிலாப்பூர் முழுக்கப் பார்த்திருக்கிறது. பங்குனித் திருவிழாவில் தேர் வருவதற்கு முன்னால் மாட வீதிகளில் தாழ்ந்து தொங்கும் டெலிபோன் ஒயரை எல்லாம் உயர்த்திக் கட்ட டெலிபோன் ஆபீஸில் உன்னைத்தான் கம்பத்தில் ஏற்றுவார்கள். இடுப்பில் கயிறு, தோளில் ஒயர் சுருள், வாயில் ஒரு இடுக்கி. கீழே நின்று பார்க்கிற பாட்டிமார்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், சாமிக்கா உனக்கா என்று தெரியாது. விடியற்காலையில் மந்தைவெளி தேகப்பயிற்சிக் கூடம். அங்கே ஆஞ்சநேயர் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. பீடி கிடையாது, குடி கிடையாது. உன் சட்டையைத் துவைக்கும்போது அண்ணி அலுத்துக்கொள்வாள், தோள்பட்டைத் தையல் அடிக்கடி விட்டுப்போகிறது என்று. அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை இருக்கும் தெரியுமா.

நான் அதற்கு நேர் எதிர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். அப்போதே உடம்பு பெருத்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று போவார்கள். நீ என்னைக் 'குண்டு' என்றுதான் கூப்பிடுவாய். ஆனால் தெருவில் வேறு எவனாவது அப்படிச் சொன்னால் சட்டையைப் பிடித்துவிடுவாய். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் என் எதிரிலேயே 'கொஞ்சம் பூசினாப்பல இருக்கு' என்றார். அவர் செருப்பைத் தேடி எடுத்து வாசலில் வைத்தவன் நீ.

அந்த இலவச மருத்துவ முகாமுக்கும் எனக்காகத்தான் வந்தாய். தொண்ணூறுகளின் நடுவில் அது ஒரு மோகம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் என்று பார்ப்பார்கள். அதுவரை பெரிய ஆபீஸர் வீடுகளில் மட்டும் புழங்கிய 'கொலஸ்ட்ரால்' என்ற வார்த்தை நம் தெருவுக்கும் வந்து சேர்ந்திருந்தது. காய்கறிக்காரம்மா கூடத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசினாள்.

"வா குண்டு. உன் உடம்புல இன்னா இன்னா கீதுன்னு ஒரு தபா பாத்துட்டு வந்துரலாம்" என்றாய். வரிசையில் நின்று என் முறை வந்தபோது ஊசியைப் பார்த்துவிட்டேன். எழுந்து ஓடப் பார்த்தேன். நீ என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அந்த நர்ஸிடம் உன் கையை நீட்டினாய். "மொதல்ல எனக்குக் குத்தும்மா. இவ பாக்கட்டும்." அந்தப் பெண் உனக்கும் எடுத்து, எனக்கும் எடுத்து, இரண்டு குழாயிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பேர் எழுதினாள். உன் ரத்தம் அன்றைக்குப் பரிசோதனைக்குப் போனதே எனக்குத் தைரியம் சொல்லத்தான். இல்லாவிட்டால் உனக்கு அப்படி ஒன்று இருந்தது என்பது யாருக்குமே தெரிந்திருக்காது. சில சமயம், தெரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கிறேன். நீ போன வருத்தம் ஒன்றோடு போயிருக்கும்.

முடிவு வாங்க, முகாம் நடத்திய டாக்டரின் கிளினிக்குக்குப் போனோம், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால். மாடியில் இருந்தது. டாக்டர் நமக்குப் பின்னால்தான் படியேறி வந்தார், ஏறி முடித்ததும் நாற்காலியில் விழுந்து மூச்சு வாங்கினார். நல்ல தொந்தி. நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். அவர் இரண்டு காகிதங்களையும் பார்த்தார். என்னைப் பார்த்து, "உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கும்மா, எடையை மட்டும் கொஞ்சம் குறைங்க" என்றார். பிறகு உன் பேரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்களுக்குத்தான் சார் கொலஸ்ட்ரால் ரொம்ப ஜாஸ்தி. முந்நூறைத் தாண்டிப் போயிருக்கு. உடனே மாத்திரை ஆரம்பிக்கணும்."

"இன்னா டாக்டர், வெளாட்றியா? என்னப் பாத்தா அப்டியா கீது?"

"பார்த்தாத் தெரியாது. அதனாலதான் டெஸ்ட் எடுக்கறோம்."

நீ சட்டையைக் கழற்றினாய். எனக்கு இன்றும் அந்தக் காட்சி அப்படியே கண்ணில் இருக்கிறது. பனியனோடு தரையில் குனிந்து, டாக்டரின் மேஜைக்கும் எடை பார்க்கும் எந்திரத்துக்கும் நடுவில் இருந்த இடத்தில் தண்டால் எடுக்க ஆரம்பித்துவிட்டாய். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் 'சபாஷ்' என்று கூடச் சொன்னார். முடித்து எழுந்தபோது உனக்கு மூச்சு கூட மாறவில்லை. "இப்ப சொல்லு டாக்டர். உன்னால ஒண்ணு எடுக்க முடியுமா?"

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. "நீங்க எடுத்த தண்டாலைக் கையும் தோளும் எடுக்குது சார். நான் சொல்றது உள்ள இருக்கற குழாய். அது தண்டால் எடுக்காது" என்றார். பிறகு உன் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தார். "இமை ஓரத்துல மஞ்சளாத் திட்டு இருக்கே. எவ்வளவு நாளா?"

"அது ரொம்ப நாளா கீது. எங்க நைனாக்கும் இருந்துச்சு. அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்க."

"அப்பா இப்போ?"

"இல்ல. வேலைக்குப் போன எடத்துல மயங்கி உழுந்துட்டாரு. சரியான வெயிலு."

"என்ன வயசு?"

"நாப்பது சொச்சம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாய். நைனா வெயிலில்தான் போனார் என்று நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்து நம்பி வந்தோம். வெயிலுக்கு என்ன, பழியைப் போட்டால் மறுபேச்சுப் பேசுமா.

வீட்டுக்கு வந்து நீ விஷயத்தைச் சொன்னதும் அம்மா ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை.

"ஐயே, குண்டா கீறவ இவ. கொழுப்பு உனுக்கு எங்கேர்ந்து வரும்? மாத்தி எழுதிட்டானுங்க."

அண்ணி அடுப்படியிலிருந்து வந்தாள். "ஒரே இனிஷியலு, ஒரே டோர் நம்பரு. அத்தினி கும்பல்ல மாறாம இன்னா பண்ணும்?"

அவ்வளவுதான். தீர்ப்பு எழுதி முடிந்துவிட்டது. நைனா பேரின் முதலெழுத்தை நாம் இரண்டு பேரும் சுமந்துகொண்டிருந்தது போதுமான சாட்சியாக ஆகிவிட்டது. நானும் நம்பினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், உன்னையும் பார்த்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோர் முகமும் தெளிந்தது. உன் முகம் மட்டும் வாடியது. நோய் உனக்கு இல்லை என்ற நிம்மதி உனக்கு வரவில்லை, எனக்கு இருக்கிறதே என்ற பயம்தான் வந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பயப்படாத. நான் கீறேன்ல" என்றாய். உன் கை சில்லென்று இருந்தது.

அடுத்த நாளிலிருந்து எனக்குப் பூண்டு, உனக்கு நெய். நான் பேச்சுக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். என் சோற்றில் ஊற்ற வேண்டிய நெய்யை வீணாக்குவானேன் என்று அம்மா உன் சோற்றில் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் எனக்கு வெறும் முள்ளங்கி, என் பங்குக் கறி உனக்கு. அண்ணி என் தட்டிலிருந்த முட்டையை எடுத்து உன் தட்டில் வைப்பாள். "கம்பத்துல ஏர்ற ஆளு, துன்னட்டும்" என்பாள். ஆட்டுக்கால் சூப்பு, மூளை வறுவல், எலும்பைத் தட்டி உறிஞ்சுகிற உன் சத்தம். நான் எதிரில் உட்கார்ந்து பூண்டு ஏப்பம் விட்டுக்கொண்டு மோர்ச்சோறு சாப்பிடுவேன். நீ நடுவில் நிறுத்திவிட்டு என்னைப் பாவமாகப் பார்ப்பாய். யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டை என் பக்கம் தள்ளப் பார்ப்பாய், உடனே பயந்து திரும்ப இழுத்துக்கொள்வாய்.

அத்தனை பேரும் அன்பாகத்தான் செய்தார்கள் அண்ணா. ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் கிடையாது. அதை நினைக்கும்போதுதான் எனக்கு இந்த உலகமே வெறுத்துப்போகிறது. வன்மத்தால் நடந்திருந்தால் திட்டித் தீர்க்க ஆளாவது கிடைத்திருக்கும்.

காலையில் என்னை நடக்க வைக்கும் பொறுப்பையும் நீயே எடுத்துக்கொண்டாய். தேகப்பயிற்சிக் கூடத்தை முடித்துக்கொண்டு வந்து என்னை எழுப்புவாய். கலங்கரை விளக்கத்திலிருந்து நொச்சிக்குப்பம் பக்கமாக மணலில் நடப்போம். மணலில் நடப்பது எனக்கு உயிர் போகும். உனக்கு அது சொந்தத் தெரு மாதிரி. நான் நின்றுவிட்டால் பின்னால் வந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவாய். மீன் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஆயாக்கள் சிரிப்பார்கள். "இன்னா தம்பி, லாரி ஸ்டார்ட் ஆவலியா?" நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்பாய், நெஞ்சில் ஏதாவது செய்கிறதா என்று. தினமும் கேட்பாய். ஒரு நாளாவது நான் திருப்பிக் கேட்டிருந்தால், நீ உண்மையைச் சொல்லியிருப்பாயா என்று தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் தெப்பக்குளத்துப் பக்கம் டாக்டர் என்னை வழியில் பார்த்து நிறுத்தினார். "உங்க அண்ணன் மாத்திரை சாப்பிடறாராம்மா?" ரிப்போர்ட் மாறிப்போனதை நான் சொன்னேன். அந்த மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு சொன்னது மாறிடுச்சுன்னு? சந்தேகம்னா ரெண்டு பேரும் வந்து மறுபடி குடுங்க. அவர் கண்ணையும் உங்க அப்பா கதையையும் வெச்சே சொல்றேன், அது அவரோடதுதான்."

வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். "ஒரு தபா மாத்துனவன் இன்னொரு தபா மாத்த மாட்டானா?" என்றாய். நியாயமான கேள்வி மாதிரி எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. மறுநாளே யாரிடமும் சொல்லாமல் தி. நகருக்குப் போய், முகாமோடு சம்பந்தமே இல்லாத வேறு ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். எனக்குத் தைரியம் சொல்ல அங்கே நீ இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

எனக்குக் கொலஸ்ட்ரால் துளி கூட அதிகமில்லை என்று வந்தது. அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் ஓடினேன். "பூண்டு தின்னதால குறைஞ்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். குறைந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே கேட்டேன். அவர் தலையை அசைத்தார். "அவ்வளவு பெரிய அளவைப் பூண்டு இறக்காதும்மா. உங்களுக்கு அன்னிக்கும் சரியா இருந்தது, இன்னிக்கும் சரியா இருக்கு. போய் அண்ணனைக் கூட்டிட்டு வாங்க."

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. நீ வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாய். எல்லோர் எதிரிலும் காகிதத்தை நீட்டினேன். "எனக்கு ஒண்ணுமே இல்ல. அப்ப அது உன்னுதுதான் அண்ணா" என்றேன்.

முதல் பாதி மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "பூண்டு கைவிடல பாத்தியா!" அண்ணி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள், தினமும் உரித்தவள் அவள்தானே. நீ, அண்ணா, நீ அழுதாய். ஈர முகத்தோடு துண்டை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாய். நான் கத்திக் கத்திச் சொன்னேன், பூண்டு இவ்வளவு குறைக்காது, டாக்டரே சொன்னார் என்று. நீ சிரித்தாய். "டாக்டருக்கு மாத்திர விக்கணும்டி. பூண்டு வேல செய்யுதுன்னு எப்டி ஒத்துக்குவாரு?" என்றாய். என்னிடம் இருந்த ஒரே சாட்சியம் அது. அதையும் உங்கள் சந்தோஷம் விழுங்கிவிட்டது. நான் ஒழுங்காகப் பூண்டு சாப்பிடாமல் இருந்திருந்தால் அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

நீ நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடைமாலை வேண்டிக்கொண்டிருந்தாயாம். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, பழவந்தாங்கலில் இறங்கி, எல்லோருமாகப் போனோம். அவ்வளவு பெரிய சிலையின் கழுத்தில் மாலை ஏறியபோது நீ கண்ணை மூடி நின்ற நிற்பைப் பார்த்து என்னால் வாய் திறக்க முடியவில்லை. பிரசாதமாகக் கொடுத்த மிளகு வடையைப் பிராகாரத்தில் உட்கார்ந்து நீ தின்றாய். எண்ணெய் உன் விரலில் மினுமினுத்தது. எனக்கு ஒன்று கொடுக்க வந்து, "இன்னிக்கி ஒண்ணு துன்னு, சாமியே குடுத்தாரு" என்றாய்.

அங்கேதான் நான் உடைந்தேன். கூட்டம் திரும்பிப் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதேன். உன் கையிலிருந்த வடையைப் பிடுங்கினேன். "நைனா மாரி நீயும் பூடுவ. எனக்கு பயமா கீது" என்றேன். அம்மா என் வாயில் அடித்தாள், கோயிலில் பேசுகிற பேச்சா என்று. நீ இந்தத் தடவை சிரிக்கவில்லை. முதல்முறையாக என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய்.

"சரி, அழாத. பொங்கல் கழியட்டும். நீ சொல்ற எடத்துல கைய நீட்றேன். போதுமா?"

போதும் என்றேன். என்ன அவசரம், பொங்கல் இதோ வந்துவிடும் என்று நினைத்தேன். ரயிலில் திரும்பும்போது நன்றாகத் தூங்கினேன் கூட.

மார்கழி பிறந்துவிட்டது. அன்று காலை மணலில் பனி இறங்கியிருந்தது. நீ தேகப்பயிற்சிக் கூடத்திலிருந்து வரும்போதே ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தாய். "நேத்து ஆட்டுக்காலு ஜாஸ்தியாப் பூட்ச்சு. நெஞ்சக் கரிக்குது" என்றாய். வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். நடந்தால் கேஸ் கலைந்துவிடும் என்றாய். நொச்சிக்குப்பத்தை நெருங்கும்போது அன்றைக்கு நீதான் பின்தங்கினாய். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு உன்னை ஜெயித்துவிட்டேன் என்று சொல்லத் திரும்பினேன்.

நீ ஒரு கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்தாய். அந்தக் குளிரில் உன் பனியன் நனைந்திருந்தது. மீன்கார ஆயா ஒருத்தி எழுந்து வந்து, "இன்னா தம்பி, இப்டி வேத்துக் கொட்டுது?" என்றாள். "கேஸு ஆயா. ஒரு சோடா கெடைக்குமா?" என்றாய். சோடா வந்தது. பாதி குடித்துவிட்டு இடது தோளைப் பிசைந்தாய். கர்லாக்கட்டை சுற்றிய வலி என்றாய். அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாய். குப்பத்துப் பிள்ளைகள் உன்னைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியபோது, "இன்னாடா வெயிட்டு, இரும்பு மாரி கீறாரு" என்றான் ஒருவன். உனக்கு அது கேட்டிருக்கும். ஆஸ்பத்திரி வாசல் வரும்போது உன் தலை என் மடியில் இருந்தது, நீ இல்லை.

அண்ணா, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை நாள் உனக்குச் சொல்லாமல் இருந்தேன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன அன்று, அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "உனுக்குத் தெரியாது. அவுரு நங்கநல்லூர்ல வேண்டிக்கினது வட மாலைக்கு மட்டும் இல்ல. அவளுக்குக் கீறத எனுக்குக் குடுத்துடு, அவள உட்டுடுன்னு வேண்டிக்கினாரு. எங்கிட்ட சொன்னாரு. உனுக்கு வந்தத அவுரு வாங்கிக்கினு பூட்டாரு" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு எதுவும் வரவே இல்லை, அது முதலிலிருந்தே அவனுடையது, நைனாவின் ரத்தத்தோடு வந்தது என்று சொல்லிவிட நினைத்தேன். அப்போது அவள் கையைப் பார்த்தேன். என் தட்டிலிருந்து முட்டையை எடுத்து உன் தட்டில் வைத்த கை. உன் சோற்றில் குழி பறித்து நெய் ஊற்றிய அம்மா அடுத்த அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் உண்மையைச் சொன்னால் இவர்கள் இரண்டு பேரும் இனி ஒரு பிடி சோறாவது யாருக்காவது போட முடியுமா? நீ என்ன செய்திருப்பாய் என்று தெரியவில்லை.

"ஆமா அண்ணி" என்றேன்.

அன்றிலிருந்து அண்ணி என்னைக் காப்பாற்றி வருகிறாள். வெறுக்கிறாளா, நேசிக்கிறாளா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தும்மல் வந்தால் கூடப் பதறுவாள். நான் வடை பக்கம் கை நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள். "அவுரு உசுரக் குடுத்து வாங்குனது இது. உன் இஷ்டத்துக்கு உட முடியாது" என்பாள். சில நாள் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே என்னை வெறித்துப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் ஒரு கணக்கு ஓடும், உனக்குப் பதிலாக அவளுக்கு மிஞ்சியது இதுதானா என்று. எனக்கே அந்தக் கேள்விதான். ஆரோக்கியமாக இருக்கிறேன் அண்ணா. இந்த உடம்பை வைத்துக்கொண்டு, ஒரு நோயும் இல்லாமல், உன்னை விட எவ்வளவோ மூத்தவளாகிவிட்டேன். இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் கிடையாது. காலம் ஆற்றும் என்றார்கள், ஆற்றவில்லை. புத்தி வரும் என்றார்கள், வந்து என்ன செய்ய.

நீ போகும்போது கைக்குழந்தையாக இருந்த உன் மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். உன் தோள், உன் நடை. ஜிம்முக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாறு பாலம் தாண்டி ஓடுகிறான். நீ போன வயதை நெருங்குகிறான். ரத்தம் பார்த்துக்கொள் என்று இரண்டு வருஷமாகக் கெஞ்சினேன். 'அத்தை, நான் குண்டா கீறனா?' என்று தட்டிக் கழித்தான். கடைசியில், என் கூடத் துணைக்கு வா, எனக்குத் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு எடுக்கும்போது அவனுக்கும் எடுக்க வைத்தேன். நான் பயந்தது போலவே வந்தது.

போன வாரம் அவனைப் பெரிய டாக்டரிடம் அழைத்துப் போனேன். சின்ன வயதுப் பெண், பொறுமையாகக் கேட்டாள். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், வாழ்நாள் முழுக்க, என்றாள். இவன் தலையாட்டினான். உன்னைப் போல இல்லை, கேட்டுக்கொள்கிறான். அந்த ஒன்று போதும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நீயும் இந்த நாற்காலியில் இப்படி உட்கார்ந்து தலையாட்டியிருக்கலாமே என்றுதான் நினைத்தேன்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது இருந்திருக்கா? அப்பாவுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"அப்பாக்கு ஒண்ணும் கெடையாது டாக்டர். அவரு செம ஃபிட்டு. எங்க அத்தைக்குத்தான் இருந்துச்சு" என்றான்.

டாக்டர் என்னைப் பார்த்தாள். உன் மகனும் பார்த்தான்.

ஆமாம், எனக்குத்தான் என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.